பாய்மரப் படகுக்குப் பெயரிடுதல்: ஓர் எளிய அறிமுகம்

பாய்மரப் படகு வாங்கும் ஒருவர் அதன் நீளம், பாய்களின் பரப்பு, அடிப்பாகத்தின் எடை, விலை ஆகிய அனைத்தையும் அனுபவசாலிகளிடம் கேட்டு முடிவு செய்யலாம். பெயரை மட்டும் அவரே முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பெயர் படகின் பின்புறத்தில் எழுதப்படும். பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் இடம்பெறும். துறைமுக அதிகாரிகள் அதைக் கொண்டே படகைக் குறித்துக்கொள்வார்கள். கடலில் எதிர்ப்படும் வேறொரு படகு ரேடியோவில் அழைக்கும்போது உரிமையாளரின் பெயரைச் சொல்லாது, படகின் பெயரைத்தான் சொல்லும். ஆகவே, உரிமையாளர் தம் மனத்துக்கு நெருக்கமான ஒரு காரணத்துக்காகச் சூட்டும் பெயரை, அந்தக் காரணம் எதுவும் அறியாத அந்நியர்களே அதிகம் பயன்படுத்துகிறார்கள். நல்ல பெயர் இவ்விரு தரப்புக்கும் பயன்பட வேண்டும் என்பதே இதில் உள்ள சிக்கல்.

எல்லாப் பாய்மரப் படகுகளுக்கும் பெயர் உண்டு என்று எண்ண வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் செலுத்திய லேசர் ரேடியல் போன்ற சிறு பந்தயப் படகுகளுக்குப் பாயில் உள்ள நாட்டுக் குறியெழுத்துகளே அடையாளம். ஒலிம்பிக்கில் அப்படகுகளைப் போட்டி அமைப்பாளர்களே வழங்குகிறார்கள். சில நாள்களில் திருப்பித் தர வேண்டிய படகுக்குப் பெயர் சூட்ட யாரும் நினைப்பதில்லை. உள்ளே படுத்துறங்கவும் சமைக்கவும் இடமுள்ள, பல நாள்கள் தொடர்ந்து கடலில் ஓடக்கூடிய படகுகளில்தான் பெயரிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது.

உரிமையாளர்கள் பெயரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதற்கு ஜோசுவா ஸ்லோகம் நல்ல தொடக்கம். உலகைத் தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் அவர். அந்தப் பயணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, அவருடைய வணிகக் கப்பல் பிரேசில் கரையோரம் தரைதட்டி அழிந்துபோனது. ஊர் திரும்ப வழியில்லாத நிலையில், குடும்பத்தினரின் துணையோடு அங்கேயே ஒரு படகைக் கட்டினார். அது நீரில் இறக்கப்பட்ட 1888 மே 13 அன்றுதான் பிரேசிலில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் கையெழுத்தானது. ஸ்லோகம் தம் படகுக்கு ‘லிபர்டாடே’ என்று போர்த்துகீசிய மொழியில் விடுதலையின் பெயரையே சூட்டி, மனைவியையும் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஒரு நாட்டின் வரலாற்று நாளும் ஒரு குடும்பம் மீண்டெழுந்த நாளும் ஒன்றாக அமைந்த இத்தகைய தருணம் எல்லோருக்கும் வாய்க்காது. வாய்த்தவர்கள் வேறு பெயரைத் தேட வேண்டிய தேவையும் இல்லை.

அதே ஸ்லோகம் பின்னர் உலகைச் சுற்றிய படகுக்குப் புதுப் பெயர் எதையும் சூட்டவில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபேர்ஹேவன் என்னும் ஊரில், ஒரு வயலோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த சிப்பி அள்ளும் பழைய படகு அவருக்குக் கிடைத்தது. அதன் பெயர் ‘ஸ்ப்ரே’. அலை சிதறித் தெறிக்கும் நீர்த்திவலை என்று பொருள். பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிய மரம் பொருத்தி முடித்தபோது பழைய படகில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் பெயரை அவர் மாற்றவில்லை. சிறிது சிறிதாகப் பழுதுபார்க்கப்பட்டு முழுவதும் புதிதாகிவிட்ட கப்பலும் பழைய கப்பலாகவே கொள்ளப்படும் என்ற, கப்பல் காப்பீட்டுக்குப் பெயர்பெற்ற லாயிட்ஸ் நிறுவனத்தின் வழக்கத்தை அவர் எடுத்துக்காட்டினார். 1895இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஸ்ப்ரே 1898இல் திரும்பி வந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் கடலோடி பெர்னார் முவாட்டெசியே தம்முடைய எஃகுப் படகுக்கு ‘ஜோசுவா’ என்று ஸ்லோகத்தின் பெயரையே வைத்தார். முன்னோடிக்கு நன்றி சொல்லும் விதமாக இடப்படும் இத்தகைய பெயர்கள், அப்படகைச் செலுத்துபவர் எந்த மரபில் தம்மை வைத்துக் காண்கிறார் என்பதையும் கூறாமல் கூறுகின்றன.

காற்றின் பெயர்கள் மற்றொரு வற்றாத ஊற்று. எஞ்சின் இருந்தாலும் பாய்மரப் படகு நம்பி ஓடுவது காற்றைத்தான் என்பதால் இது இயல்பானதே. இவ்வகையில் மிகச் சிறந்த பெயர் என்று நான் கருதுவது ‘சுஹைலி’. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரி 1960களின் தொடக்கத்தில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டுவித்த 32 அடிப் படகு அது. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றை அரபு மாலுமிகள் அழைக்கும் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். இந்திய வழக்கப்படி அணியத்தில், அதாவது முன்நுனியில், தேங்காய் உடைத்துப் படகை நீரில் இறக்கினார்கள். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாள்கள் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் படகாக அது இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவர், இந்தியத் தச்சர்கள் கட்டிய படகுக்கு, தாம் பணிபுரிந்த கடலின் மாலுமிகள் வழங்கும் காற்றுப் பெயரைச் சூட்டினார் என்பதில் அந்தப் படகின் பிறப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. தமிழ்க் கரைகளிலும் கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு காற்றுப் பெயர் உண்டு. நம்மவர் ஒருவர் பாய்மரப் படகு வாங்கினால் தொலைவில் தேடிப் போக வேண்டியதில்லை.

சிலர் ஒரே பெயரை வாழ்நாள் முழுவதும் விடுவதில்லை. 1966-67இல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்று தனியாக உலகைச் சுற்றிய பிரான்சிஸ் சிசெஸ்டரின் படகு ‘ஜிப்ஸி மாத் 4’. அந்த வரிசையில் முதலாவது படகே இல்லை. இளமையில் அவர் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக ஓட்டிச்சென்ற ஜிப்ஸி மாத் வகைச் சிறு விமானம். அந்த விமானத்தின் பெயரை அதன்பின் வாங்கிய படகுகளுக்கு எண்ணிட்டுச் சூட்டிக்கொண்டே வந்தார். பிரெஞ்சுக்காரரான எரிக் தாபார்லி, தம் தந்தையிடமிருந்து வந்த ‘பென் டுயிக்’ என்ற பெயரை அடுத்தடுத்த பந்தயப் படகுகளுக்கு இரண்டு முதல் ஆறு வரை எண்ணிட்டு வழங்கினார். பிரெத்தோன் மொழியில் அது கருந்தலையுடைய ஒரு சிறு குருவியின் பெயர். எண் சேர்ந்த பெயர், இவர் கடலுக்குப் புதியவர் அல்லர் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணர்த்திவிடுகிறது.

இலங்கை மலையகத்தோடு தொடர்புடைய ஒரு வரிசையும் உண்டு. ஊவா மலைச்சரிவில் ஹப்புத்தளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை வாங்கி, அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் பறித்த கொழுந்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய தாமஸ் லிப்டன், 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் போட்டியிட்டார். ஐந்து படகுகளுக்கும் ‘ஷாம்ராக்’ என்றே பெயர். அது அயர்லாந்தின் சின்னமான மூவிலைச் செடி. அவருடைய பெற்றோர் அந்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஐந்து முறையும் கோப்பை கிடைக்கவில்லை என்றாலும் தேயிலை விற்பனைக்கு அப்பந்தயங்கள் பெரும் விளம்பரமாயின. விளம்பரம் கிடைத்தது, ஆனால் படகின் மேல் லிப்டன் என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் அந்தத் தயக்கம் மறைந்தது. 1970-71இல் சே பிளைத், வீசும் காற்றுகளுக்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, நிற்காமல் உலகைச் சுற்றிய எஃகுப் படகின் பெயர் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. செலவை ஏற்ற எஃகு நிறுவனத்தின் பெயரே அது. இன்று பிரான்சிலிருந்து புறப்பட்டுத் தனியாக உலகைச் சுற்றிவரும் வாண்டே குளோப் பந்தயத்தில் ஓடும் படகுகளில் பெரும்பாலானவை காப்பீட்டு நிறுவனம், வங்கி, உணவு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களைத் தாங்குகின்றன. ஆதரவாளர் மாறினால் படகின் பெயரும் மாறிவிடும். இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி 2018ஆம் ஆண்டு, தனியாக உலகைச் சுற்றும் மற்றொரு பந்தயமான கோல்டன் குளோப் பந்தயத்துக்குக் கொண்டுசென்ற படகு, உணர்வின் நான்காம் நிலையைக் குறிக்கும் ‘துரியா’; 2022இல் இரண்டாம் இடம் பெற்றுத்தந்த படகு, அபுதாபி நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய ‘பயானத்’. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் படகே கடலில் இறங்கியிருக்காது என்னும்போது, பெயரை விட்டுக்கொடுப்பது நியாயமான விலைதான். எனினும், புதிதாகப் படகு வாங்கும் ஒருவர் பெயரிடுதலைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுவன்று.

இந்தியக் கடற்படையின் இரு படகுகள் அதற்கு ஏற்றவை. கோவாவின் மாண்டோவி ஆற்றில் உள்ள திவார் தீவில் கட்டப்பட்ட படகுக்கு, அந்த ஆற்றின் மற்றொரு பெயரான ‘மாதேய்’ சூட்டப்பட்டது. 2009-10இல் திலீப் தோண்டே அதில்தான் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் இந்தியரானார். அடுத்து அதே மாதிரியில் கட்டிய படகு ‘தாரிணி’. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், கடலோடிகளும் வணிகர்களும் காலங்காலமாக வணங்கிவரும் தாரா-தாரிணி கோயிலின் பெயர் அது. 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றினார்கள். 2024-25இல் கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் இருவராகவே சுற்றிவந்தார்கள். பிறந்த ஆறு ஒன்றுக்கு, காக்கும் தெய்வம் மற்றொன்றுக்கு எனப் பெயர் அமைந்தது. இரண்டும் சுருக்கமானவை, எந்த நாட்டவரும் உச்சரிக்கக்கூடியவை.

தனிப்பட்டவர்களின் படகுகளில் நகைச்சுவைக்கும் இடம் உண்டு. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் ஐம்பதாம் பிறந்தநாளுக்கு நண்பர்கள் வழங்கிய படகு, கடற்பன்றியைக் குறிக்கும் ‘ட்யூம்லர்’. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற பிறகு அவர் வைத்திருந்த எளிய படகுக்கு ‘டீனெஃப்’ என்று பெயர். யித்திஷ் மொழியில் உதவாத சரக்கு என்று பொருள். அவருடைய இயல்பு அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. சிலேடைப் பெயர்கள் வேறு வகை. அமெரிக்கப் படகு உரிமையாளர்களின் சங்கமான போட்-யுஎஸ் ஆண்டுதோறும் வெளியிடும் புகழ்பெற்ற பெயர்களின் பட்டியலில், ‘இன்றைய நாளைக் கைக்கொள்’ என்னும் ஆங்கிலத் தொடரில், ‘கைக்கொள்’ என்பதோடு ஒலியொத்த ‘கடல்கள்’ என்ற சொல்லைப் புகுத்திய ‘சீஸ் த டே’ பலமுறை வந்திருக்கிறது. அமைதியைக் குறிக்கும் ‘செரினிட்டி’, ‘போகலாம்’ என்று இத்தாலியத்தில் அழைக்கும் ‘ஆண்டியாமோ’ ஆகியனவும் அவ்வாறே. முதல்முறை கேட்பவருக்குச் சிலேடை இனிக்கும். உரிமையாளரோ அதைப் பத்து ஆண்டுகள் ஒவ்வொரு துறைமுகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். மேலும், பட்டியலில் இடம்பிடிக்கும் அளவுக்குப் பரவிய பெயரை வைத்தால், ஒரே நங்கூரத்துறையில் இரண்டு செரினிட்டிகள் நின்று, யாரை யார் அழைக்கிறார் என்று தெரியாமல் போகக்கூடும்.

இதுவரை சொன்னது உரிமையாளரின் பக்கம். பெயரைப் பயன்படுத்தும் மற்றவர்களின் பக்கம் ரேடியோவில் தொடங்குகிறது. படகுகளில் உள்ள வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் அலைவரிசையில்தான் அவசர அழைப்புகள் விடுக்கப்படுகின்றன. படகு மூழ்கும் நிலையில் இருந்தால், ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயரையும் மூன்று முறை சொல்லி, மீண்டும் ஒருமுறை ‘மேடே’ என்றும் பெயரையும் சொன்ன பிறகே இருக்குமிடத்தையும் ஆபத்தையும் தெரிவிக்க வேண்டும். காற்றின் இரைச்சலும் பாய்கள் அடித்துக்கொள்ளும் ஓசையும் சூழ்ந்திருக்க, நடுங்கும் குரலில், நான்கு முறை சொல்லத்தக்கதாக அந்தப் பெயர் இருக்க வேண்டும். கேட்பவர் வேற்றுமொழிக்காரராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பெயர் புரியாவிட்டால், ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் வகுக்கப்பட்ட ஒரு சொல்லைக் கொண்டு எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். தாரிணி என்றால் ‘டாங்கோ, ஆல்ஃபா, ரோமியோ, இந்தியா, நவம்பர், இந்தியா’ என்று ஆறு சொற்களில் முடிந்துவிடும். நான்கு சொற்களாலான ஒரு கவித்துவத் தொடரைப் பெயராக வைத்தவர், அந்த நேரத்தில் இருபது சொற்களுக்கு மேல் சொல்லிக்கொண்டிருப்பார். எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும், அதை இவ்வாறு உரக்கச் சொல்லியும் எழுத்துக்கூட்டியும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கருவிகளும் சட்டமும் சில எல்லைகளை வகுக்கின்றன. அருகிலுள்ள கப்பல்களின் திரையில் படகின் பெயரைத் தானாகக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியில் பெயருக்கு 20 இடங்களே உண்டு. அவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளாலும் எண்களாலும் சில குறிகளாலும் மட்டுமே நிரப்ப முடியும். தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. ழகரம் உள்ள பெயர் திரையில் எந்த எழுத்துகளாகத் தோன்றும், அதைப் படித்து ஒரு ஸ்பானிய மாலுமி எப்படி அழைப்பார் என்பதை ஒருமுறை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். அமெரிக்கக் கடலோரக் காவற்படையிடம் ஆவணப்பதிவு செய்யும் படகின் பெயர் 33 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. கடலில் உதவி கோரப் பயன்படும் சொற்களைப் போல எழுத்திலோ ஒலியிலோ இருக்கக் கூடாது. ஆபாசமோ இன இழிவோ கூடாது. சொந்த உல்லாசத்துக்கான படகில், பெயரும் ஊர்ப்பெயரும் சேர்ந்து, வெளிப்புறத்தில் தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தில், குறைந்தது 4 அங்குல உயர எழுத்துகளில் இருக்க வேண்டும். பாய்மரப் படகுகள் பலவற்றின் பின்புறம் குறுகலானது என்பதால், நீளமான பெயரை அங்கே எழுத வரும் ஓவியர் ஒன்று எழுத்தைச் சிறிதாக்க வேண்டும் அல்லது இரு வரியாக உடைக்க வேண்டும். கரைக்குச் செல்லப் பயன்படும் சிறு துணைப்படகில் தாய்ப்படகின் பெயரை எழுதுவதைச் சிலர் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு: துணைப்படகு கரையில் நின்றால், எந்தப் படகில் ஆள் இல்லை என்பது திருடருக்குத் தெரிந்துவிடும்.

பழைய படகை வாங்குகிறவருக்கு, ஏற்கனவே உள்ள பெயரை என்ன செய்வது என்ற கேள்வி எழும். பெயரை மாற்றினால் தீங்கு வரும் என்பது மேலை நாட்டு மாலுமிகளின் பழைய நம்பிக்கை. கடல் தெய்வமான பொசைடன் எல்லாப் படகுகளின் பெயர்களையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்றும், அவருக்குத் தெரிவிக்காமல் மாற்றுவது அவரை ஏமாற்றுவதாகும் என்றும் சொல்வார்கள். அதற்குப் பரிகாரமாக ஒரு சடங்கும் உண்டு. பழைய பெயர் எழுதிய உயிர்காப்பு வளையம், பயணக் குறிப்பேடு, சாவிக்கொத்து உட்பட எல்லாவற்றையும் முதலில் அகற்றிவிடுவார்கள். பிறகு பழைய பெயரை ஏட்டிலிருந்து நீக்குமாறு கடல் தெய்வத்தை வேண்டி, ஷாம்பெயினைக் கடலில் ஊற்றிப் புதுப் பெயரை அறிவிப்பார்கள். நம்பாதவர்களும் பலர் இதைச் செய்கிறார்கள். நண்பர்கள் கூடி நின்று புதுப் பெயரை முதன்முதலாக உரக்கச் சொல்லும் நிகழ்ச்சி என்ற அளவில் அது பொருளுள்ளதே.

தீங்கு வரும் என்பதை வரலாறு மெய்ப்பிக்கவில்லை. தாபார்லி குடும்பத்தின் முதல் பென் டுயிக் 1898இல் ‘யம்’ என்ற பெயரோடு கட்டப்பட்டு, கைமாறும்போதெல்லாம் வேறு வேறு பெயர் பெற்று, நூற்றாண்டைக் கடந்தும் கடலில் ஓடுகிறது. தமிழர்களுக்கு நெருக்கமான சான்று வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பல். உலகைப் பாய்மரப் படகில் சுற்றியிருந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும், அதாவது கப்பல் தலைவரும், மாலுமிகளும் அதைச் சூயஸ் வழியாகவும் அட்லாண்டிக் வழியாகவும் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் பத்திரமாகச் சேர்த்தார்கள். அமெரிக்கப் பதிவேடுகளில் இருப்பது புதுப் பெயர். கப்பலைக் கட்டிய ஊரில் இன்றும் அது அன்னபூரணிதான். சட்டப்படி பெயரை மாற்றுவது எளிது, புழக்கத்தில் உள்ள பெயரை மாற்றுவது எளிதன்று. ஆகவே, பல ஆண்டுகளாக ஒரு துறைமுகத்தில் எல்லோரும் அன்போடு அழைத்துவரும் பெயரைக் கொண்ட படகு கையில் கிடைத்தால், ஸ்லோகத்தைப் போல அதை அப்படியே விட்டுவைப்பதையே நான் விரும்புவேன்.

மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தவர், சடங்கைவிடக் காகித வேலைக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், காப்பீடு, ரேடியோ உரிமம், படகின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணோடு இணைந்த விவரங்கள், ஏ.ஐ.எஸ். கருவியில் பதித்த பெயர் ஆகிய எல்லாவற்றையும் திருத்த வேண்டும். இவற்றுள் பலரும் மறந்துவிடுவது எபிர்ப் எனப்படும் அவசர இடங்காட்டியின் பதிவு. அந்தக் கருவி ஆபத்தின்போது செயற்கைக்கோளுக்கு அனுப்பும் செய்தியில் ஓர் அடையாளக் குறியீடு இருக்குமே தவிர, படகின் பெயர் இருப்பதில்லை. மீட்பு மையத்தினர் அந்தக் குறியீட்டைப் பதிவேட்டில் தேடித்தான் பெயரையும் உறவினரின் தொலைபேசி எண்ணையும் கண்டறிகிறார்கள். பதிவேட்டில் பழைய பெயரே இருந்தால், ரேடியோவில் அவர்கள் அழைப்பதும் அந்தப் பெயரைத்தான். அருகில் செல்லும் கப்பல்களிடம் தேடச் சொல்வதும் பின்புறத்தில் அந்தப் பெயர் எழுதிய படகைத்தான்.